உப்பின்மேல் எழுந்த வீடு

உரத் தொழிற்சாலை ஒன்றின் அம்மோனியா பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆலையை நிறுத்தி, ஹைட்ரஜன் தயாரிக்கும் உலையான ரிஃபார்மரின் குழாய்களில் இருக்கும், வினையை வேகப்படுத்தும் வினையூக்கியை மாற்றுவோம். பழைய சரக்கை உறிஞ்சி எடுத்த பிறகு, புதியதை நீண்ட துணிப் பைகளில் நிரப்பி, கயிற்றில் கட்டி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இறக்கி, அடி தொட்டதும் பையின் வாயை அவிழ்த்துக் கொட்டி, குழாயை மெல்லத் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். எங்காவது ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம் நின்றுவிட்டால், ஆலை ஓடத் தொடங்கியதும் அந்த இடம் மட்டும் சிவந்து பழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வினையூக்கி வந்த பீப்பாய்களின்மேல், ஒரு வட்டத்துக்குள், அலைக்கோடுகளுக்கு மேலே ஐ.சி.ஐ. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். விரித்துச் சொன்னால், இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ். பிரிட்டனின் மிகப் பெரிய வேதித்தொழில் நிறுவனம். ஒரு காலத்தில் அந்த நாட்டின் தொழில்துறை நலமாக இருக்கிறதா என்பதை அதன் பங்கு விலையை வைத்தே சொன்னார்கள்.

லண்டன் பங்குச் சந்தையில் அந்தப் பெயர் 2008 ஜனவரியோடு மறைந்துவிட்டது. எண்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்த நிறுவனம். அதன் கதையைப் பேராசையின் கதையாகவோ, மேலாளர்களின் அறியாமையின் கதையாகவோ எழுதியவர்கள் பலர். எனக்கு அது ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதையாகவே படுகிறது. பொருந்தாத தொழில்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தபோது அங்கே பிறந்தவை என்ன, பாகம் பிரித்தபோது யாருடைய பங்கிலும் சேராமல் போனது எது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்காக மான்செஸ்டரில் தங்கியிருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் ரயிலேறி செஷயர் பகுதியிலுள்ள நார்த்விச் ஊருக்குப் போனேன். தரைக்கடியில் கனத்த உப்புப் படுகை இருக்கும் ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், மேலே இருந்த தெருக்களும் கடைகளும் மெல்லச் சரிந்து அமிழத் தொடங்கின. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளை மரச்சட்டங்களால் கட்டினார்கள். தரை இறங்கினால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தையே தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டடங்கள் கடைத்தெருவில் இன்னமும் வரிசையாக நிற்கின்றன. ஊரையே விழுங்கிய அந்த உப்புதான் ஐ.சி.ஐ.யின் முதல் முதலீடு என்று அங்கே நின்றபோது தோன்றியது.

ஊருக்கு வெளியே வீவர் ஆற்றங்கரையில் வின்னிங்டன். 1873-ல் ஜான் பிரன்னர், லுட்விக் மோண்ட் என்ற இருவர் சேர்ந்து சோடா, அதாவது கண்ணாடிக்கும் சோப்புக்கும் மூலப்பொருளான சோடா உப்பு, தயாரிக்க நிறுவனம் தொடங்கிய இடம். மோண்ட் ஜெர்மனியின் காசெல் நகரத்துக்காரர், வேதியியலர். பிரன்னர் கணக்கும் நிர்வாகமும் அறிந்தவர். இருவரும் முன்பு விட்னெஸ் ஊரில் ஒரே சோடா ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் சோடா தயாரிக்க எல்லோரும் கையாண்டது லெபிளாங்க் முறை. உப்பைக் கந்தக அமிலத்தில் வேகவைத்தால் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு எழும்பும்; அதைக் காற்றில் விட்டதால் சுற்றுவட்டாரத்து மரங்கள் கருகின. அந்த வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைப் பிடித்தாக வேண்டும் என்று 1863-ல் பிரிட்டன் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மிச்சமாகும் கழிவோ மலைபோலக் குவிந்து அழுகிய முட்டை நாற்றம் வீசும். பெல்ஜியத்தின் எர்னெஸ்ட் சால்வே உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் அம்மோனியாவையும் கொண்டு வேறொரு வழி கண்டிருந்தார். அதில் அம்மோனியா திரும்பத் திரும்பப் பயன்படும், கழிவும் அவ்வளவு கொடியதல்ல. மோண்ட் அந்த உரிமத்தை வாங்கி வந்து, பம்புகளோடும் கோபுரங்களோடும் போராடி, அந்த முறையைப் பெரிய அளவில் ஓட வைத்தார். லெபிளாங்க் ஆலைக்காரர்கள் 1890-ல் யுனைடெட் ஆல்கலி என்று ஒன்றுசேர்ந்தும் அந்தப் போட்டியில் தேய்ந்துகொண்டே போனார்கள்.

பிரன்னர் மோண்ட் நிறுவனத்தைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே அது தன் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் ஒரு வார விடுமுறை கொடுத்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை எட்டு மணி நேரமாகக் குறைத்தது. ஷிஃப்டில் உழைத்தவன் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும். அதே நிறுவனம் முதல் உலகப் போரில், அரசின் வற்புறுத்தலுக்கு இணங்கி, லண்டனின் நெருக்கமான சில்வர்டவுன் பகுதியில் டி.என்.டி. வெடிமருந்தைச் சுத்திகரிக்கச் சம்மதித்தது. 1917 ஜனவரி 19 அன்று மாலை சுமார் 50 டன் வெடித்து 73 பேர் மாண்டார்கள். ஆபத்து என்று நிறுவனத்துக்குள் முன்கூட்டியே சொன்னவர்கள் இருந்தார்கள் என்பது அந்த வெடிப்பைக் காட்டிலும் என்னை உறுத்தும் செய்தி.

போர் முடிந்த பிறகு ஜெர்மனியின் பெரிய சாய நிறுவனங்கள் 1925 டிசம்பரில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெயரில் ஒன்றாயின. செயற்கைச் சாயம் பிறந்ததே லண்டனில்தான், 1856-ல், பதினெட்டு வயது வில்லியம் பெர்கினின் கையில். ஆனால் அரை நூற்றாண்டுக்குள் அந்தத் தொழில் ஜெர்மனிக்குப் போய்விட்டது. அந்தப் பாடம் மறக்கவில்லை. ஆல்ஃபிரட் நோபலின் வழியில் வந்த வெடிமருந்து நிறுவனமான நோபல் இண்டஸ்ட்ரீஸின் தலைவர் ஹாரி மெக்கோவன், நியூயார்க்கிலிருந்த ஆல்ஃபிரட் மோண்டை, அதாவது லுட்விக்கின் மகனை, தேடிப் போனார். 1926 அக்டோபரில் அக்விட்டானியா கப்பலில் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அட்லாண்டிக்கின் நடுவில், கப்பல் நிறுவனத்தின் கடிதத் தாள்கள் நான்கில், இணைப்பின் விதிகள் எழுதி முடிந்தன. பிரன்னர் மோண்ட், நோபல், யுனைடெட் ஆல்கலி, பிரிட்டிஷ் டைஸ்டஃப்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து, 1927 ஜனவரி 1 முதல் ஐ.சி.ஐ. ஆயின. சோடா, வெடிமருந்து, சாயம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத தொழில்கள். ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். தேம்ஸ் கரையில் மில்பேங்க் பகுதியில் எழுப்பிய தலைமையகத்தின் சுவரில் லவாய்சியர், பிரீஸ்ட்லி, லீபிக், மெண்டெலீவ் ஆகியோரின் முகங்களைக் கல்லில் செதுக்கி, அவர்களோடு மோண்ட், மெக்கோவன் முகங்களையும் வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். அறிவியலாளர் வரிசையில் தாங்களும் நிற்க வேண்டும் என்று வணிகர்கள் ஆசைப்பட்ட காலம் அது.

தொடக்கமே சறுக்கல்தான். வடகிழக்கே பில்லிங்ஹாமில் அம்மோனியா ஆலை 1924 முதல் ஓடிக்கொண்டிருந்தது. பேரரசு முழுவதற்கும் உரம் விற்கலாம் என்று நம்பி அதைப் பல மடங்கு பெருக்கினார்கள். 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வாங்க ஆளில்லை, புதிதாகப் போட்ட எந்திரங்கள் சும்மா நின்றன. ஆனால் அந்த வீண் செலவிலிருந்து ஒன்று மிஞ்சியது. நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் வாயுவைக் கையாளும் கைத்திறன் இப்போது வீட்டுக்குள் இருந்தது.

அந்தத் திறன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நான் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மலைப்பாகவே இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் வின்னிங்டன் ஆய்வகம், மிக உயர்ந்த அழுத்தத்தில் என்னென்ன வினைகள் நடக்கும் என்று பார்க்க ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. அதில் சாயப் பிரிவின் ஆலோசனைகளும் இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஆண்டன் மைக்கேல்ஸ் என்ற பேராசிரியரிடம் அழுத்தக் கருவிகளின் நுட்பம் கற்று வந்த ரெஜினால்ட் கிப்சனும், எரிக் ஃபாசெட்டும் எத்திலீன் என்ற வாயுவையும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் 170 டிகிரி வெப்பத்தில், வளிமண்டலத்தைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு நெருங்கிய அழுத்தத்தில் வைத்தார்கள். 1933 மார்ச் 27, திங்கட்கிழமை, கலத்தைத் திறந்தபோது எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. குழாயின் முனையில் மெழுகு போன்ற வெண்மையான ஒரு திடப்பொருள், ஒரு கிராமுக்கும் குறைவாக, படிந்திருந்தது. கிப்சன் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மறுபடி செய்து பார்த்தால் கலம் வெடித்தது. வேலை நின்றது. 1935-ல் கேம்பிரிட்ஜில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ஃபாசெட் எழுந்து எத்திலீனிலிருந்து திடமான பாலிமர் கிடைத்தது என்று சொன்னபோது, அந்தத் துறையின் மேதைகள் இருந்த அவை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில், உறுதியான புதிய கருவியோடு மைக்கேல் பெரினும் தோழர்களும் மறுபடி முயன்றார்கள். இந்த முறை எத்திலீன் மட்டும். அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. மேலும் மேலும் எத்திலீன் ஏற்றினார்கள். அழுத்தம் இறங்கியதற்கு ஒரு காரணம் வினை, இன்னொரு காரணம் ஓர் இணைப்பில் இருந்த கசிவு. அந்தக் கசிவை ஈடுகட்ட ஏற்றிய எத்திலீனில்தான் வினையைத் தொடங்கி வைக்கத் தேவையான இம்மியளவு ஆக்சிஜன் தற்செயலாகச் சரியான விகிதத்தில் இருந்திருக்கிறது. கலத்தைத் திறந்தால் சுமார் 8 கிராம் வெண்பொடி. அதுதான் பாலித்தீன். கசிவைக் கண்டால் பதறுகிற தொழிலில் இருந்தவன் நான். என் பணிக்காலம் முழுவதும் கசிவை அடைப்பதிலேயே கழிந்தது. இந்த ஒரு கசிவை மட்டும் நன்றியோடு நினைத்துக்கொள்வேன். முதல் வணிக ஆலை 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், உற்பத்தியைத் தொடங்கியது. விமானங்களில் ஏற்றும் அளவுக்கு ரேடாரைச் சிறிதாக்க அந்த இலகுவான மின்காப்புப் பொருள் கைகொடுத்தது.

கவனித்துப் பார்த்தால், அந்த 8 கிராமுக்குப் பின்னால் பலருடைய பணம் இருக்கிறது. ஆய்வகம் சோடா சம்பாதித்த இலாபத்தில் நின்றது. கேள்விகளில் சில சாயத்திலிருந்து வந்தன. அழுத்தத்தைப் பற்றிய அச்சத்தைப் போக்கியது உரம். தனித்தனி நிறுவனங்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், நடந்தது இந்த வீட்டில்தான். போர் விமானங்களின் கூண்டுக்குப் பயன்பட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான பெர்ஸ்பெக்ஸ், ஸ்காட்லாந்து ஆலையில் எனாமல் உடைந்த பாத்திரத்தில் யாரோ கவனித்த நீலக் கறையிலிருந்து வளர்ந்த தாலோசயனின் நிறமிகள் ஆகியவையும் அதே காலத்து வரவுகள்.

இந்த வளர்ச்சி தூய்மையான போட்டியில் வந்ததன்று என்பதையும் மறைக்கக் கூடாது. 1929-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தோடு ஐ.சி.ஐ. ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. காப்புரிமைகளையும் செய்முறைகளையும் பகிர்ந்துகொள்வது, ஒருவர் சந்தைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை என்பது அதன் சாரம். நைலான் பிரிட்டனுக்கும் பாலித்தீன் அமெரிக்காவுக்கும் அந்த வழியாகத்தான் போயின. அமெரிக்க அரசு 1944-ல் வழக்குத் தொடுத்தது. 1951-ல் நீதிமன்றம் ஒப்பந்தம் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. பேரரசின் சந்தையையும் இந்த வேலியையும் நம்பி வாழ்ந்த கால் நூற்றாண்டில், விலைக்குப் போராடும் பழக்கம் நிறுவனத்துக்கு வரவே இல்லை. பின்னாளில் வந்த நோவுக்கு வித்து இங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

மருந்துப் பிரிவின் கதை வேறு மாதிரி. சாயப் பிரிவின் ஓரத்தில் முளைத்து, நீண்ட காலம் இலாபம் காட்டாமலே இருந்தது அது. ஆனால் யாரும் அதை இழுத்து மூடவில்லை. மலேரியாவுக்கு பாலுட்ரின் வந்தது. அடுத்து, 1951-ல் சார்லஸ் சக்லிங் ஃப்ளூரின் சேர்மங்களைப் பற்றிய அறிவைக் கொண்டு ஹாலோதேன் என்ற மயக்கமருந்தை வடிவமைத்தார். ஈதர் போலத் தீப்பற்றாத அந்த மருந்து அறுவை சிகிச்சை அறையையே மாற்றியது. 1958-ல் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், இதயம் கேட்கும் ஆக்சிஜனைக் கூட்டுவதற்குப் பதில் இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி புரோபிரனலால் என்ற இதய மருந்து ஆயிற்று, 1988-ல் நோபல் பரிசும் ஆயிற்று. 1962-ல் டோரா ரிச்சர்ட்சன் முதன்முதலில் தயாரித்த ஒரு சேர்மம் கருத்தடை மருந்தாகும் என்று எதிர்பார்த்து ஏமாந்தார்கள். ஆர்தர் வால்போல் அதை விடவில்லை. தமாக்சிஃபென் என்ற பெயரில் மார்பகப் புற்றுநோய்க்கு 1973-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, முதல் குப்பி நிரம்பிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதினோரு ஆண்டுகளுக்கும் சம்பளம் போட்டது பெயின்டும் பிளாஸ்டிக்கும் உரமும்தான்.

1970களில் வீடு ஆட்டம் கண்டது. எண்ணெய் விலை இரண்டு முறை ஏறியது. ஐரோப்பா முழுவதும் எல்லோரும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் ஆலைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததும் ஜெர்மானியரோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. பில்லிங்ஹாமில் மெத்தனாலைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துக் கால்நடைத் தீவனமாக்க, புரூட்டீன் என்ற பெயரில், உலகின் மிகப் பெரிய நொதிகலங்களில் ஒன்றைக் கட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் அற்புதமான வேலை. சோயா விலை மலிவாகவே இருந்ததால் விற்கவில்லை. வடகடல் எண்ணெயால் பவுண்டின் மதிப்பு உயர்ந்து ஏற்றுமதி அடிபட்ட 1980-ல், ஒரு காலாண்டில் நட்டம் வந்தது, ஈவுத்தொகையும் குறைந்தது. லண்டன் நிதி வட்டாரத்துக்கு அது இடி விழுந்த செய்தி.

1982-ல் தலைவரான ஜான் ஹார்வி-ஜோன்ஸ், சிறு வயதை மத்திய இந்தியாவின் தார் சமஸ்தானத்தில் கழித்தவர், கடற்படையிலிருந்து வந்தவர். பிரிட்டனில் இருந்த ஊழியர்களில் மூன்றிலொரு பங்கினர் அந்த ஆண்டுகளில் வெளியேற நேர்ந்தது. 1984-ல் நிறுவனம் ஓராண்டில் 100 கோடி பவுண்டு இலாபம் ஈட்டியது. பிரிட்டனின் உற்பத்தித் துறையில் அதுவரை யாரும் எட்டாத அளவு. அந்த மீட்சியை நான் மதிக்கிறேன். எனினும் ஆலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆளைக் குறைத்து வரும் இலாபத்தை ஒரு முறைதான் அறுவடை செய்ய முடியும்.

1991-ல் லார்ட் ஹேன்சனின் நிறுவனம் ஐ.சி.ஐ.யில் 2.8 விழுக்காடு பங்குகளை வாங்கியது. நிறுவனங்களை வாங்கிப் பிரித்து விற்பதில் பெயர் பெற்றவர் அவர். கையகப்படுத்தும் முயற்சி எதுவும் கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்த அச்சம் போதுமானதாக இருந்தது. பிறர் பிரித்துவிடுவதற்கு முன் நாமே பிரித்துக்கொள்வோம் என்று, 1993-ல் மருந்தும் வேளாண் வேதிப்பொருள்களும் ஜெனிகா என்ற பெயரில் தனிக்குடித்தனம் போயின. பங்குதாரர்களின் கணக்குப்படி அது சரியான முடிவு. ஜெனிகா 1999-ல் ஸ்வீடனின் ஆஸ்ட்ராவோடு சேர்ந்து ஆஸ்ட்ராஜெனிகா என்று இன்றும் செழித்திருக்கிறது. என் மனத்தாங்கல் வேறு. மருந்து இலாபமில்லாத பிள்ளையாக இருந்த காலத்தில் அதைத் தூக்கிச் சுமந்த பிரிவுகள், தங்களுக்கு இறங்குமுகம் வந்தபோது, சுமக்க ஆளில்லாமல் நின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இந்தக் கடனை எழுதுவதற்கு எந்தப் பத்தியும் இல்லை.

அடுத்து நடந்தவற்றை நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. 1997-ல், சோடா, பிளாஸ்டிக் போன்ற கனரக வேதித்தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்து, யூனிலீவரிடமிருந்து வாசனைப் பொருள், ஒட்டுப் பசை, ஸ்டார்ச் தொழில்களை ஏறத்தாழ 490 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். பழைய தொழில்களை விற்று அந்தக் கடனை அடைப்பது திட்டம். வாங்குகிறவர்களுக்கு இவர்களின் அவசரம் தெரியாமல் இருக்குமா? விற்பனைகள் இழுத்தன, வட்டி ஏறியது, 2002-ல் பங்குதாரர்களிடமே மறுபடி கையேந்த வேண்டியதாயிற்று. பிறகு, புதிதாக வாங்கியவற்றையும் ஒவ்வொன்றாக விற்றார்கள். கடைசியில் முதன்மையாக மிஞ்சியவை டூலக்ஸ் பெயின்டும் ஒட்டுப் பசையும். மிஞ்சிய அந்த நிறுவனத்தை 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் அக்சோநோபல் சுமார் 800 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பெயரின் பின்பாதியில் இருப்பதும் ஆல்ஃபிரட் நோபலின் வழிமரபுதான்.

வின்னிங்டனின் சோடா ஆலை அதற்கு முன்பே விலைபோய், மறுபடி பிரன்னர் மோண்ட் என்ற பழைய பெயரைச் சூடி, பின்னர் டாடா கெமிக்கல்ஸ் கைக்கு வந்தது. அங்கே சோடா உற்பத்தி 2014 பிப்ரவரியில் நின்றது. நான் போனபோது பிரன்னர், மோண்ட் இருவரின் சிலைகளும் பழைய அலுவலகத்தின் முன் பக்கம் பக்கமாக நின்றன. ஆற்றங்கரையில் நடமாட்டம் இல்லை. பில்லிங்ஹாமின் கடைசி அம்மோனியா ஆலையும் நிரந்தரமாக மூடப்படுகிறது என்ற அறிவிப்பு 2023-ல் வந்தது. தொடங்கி நூறு ஆண்டு நிறைய ஓராண்டே இருந்தது.

வினையூக்கித் தொழிலை 2002-ல் ஜான்சன் மாத்தே நிறுவனம் வாங்கிக்கொண்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த கடைசி நிறுத்தத்தில் வந்திறங்கிய பீப்பாய்களில் அந்தப் பெயர்தான் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன். விரல் நுனி அளவு, சாம்பல் நிறம், உள்ளே துளைகள். பையில் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர், "ஐயா, இது முன்னால வேற கம்பெனியாமே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, எண்ணிப் பார்த்துக்கொண்டே அடுத்த பையின் கயிற்றைப் பிடித்தேன். அன்று இரவுக்குள் இன்னும் நாற்பது குழாய்கள் நிரப்ப வேண்டியிருந்தது.